நிற்கும் காவலும் நிலைக்கும் அச்சமும்

ஓர் ஊரில் குற்றம் ஒன்று நிகழ்ந்து, அச்செய்தி நாளேடுகளின் முதற்பக்கத்தை எட்டிவிடுமானால், மறுநாள் அவ்வூரில் எழும் முதற்குரல் “போலீசை நிறுத்துங்கள்” என்பதுதான். வணிகர் சங்கம் அதையே கேட்கிறது. குடியிருப்போர் நலச்சங்கமும் அதையே கேட்கிறது. நம் ஜமாஅத்துகளும் வேறொன்றும் தோன்றாமல் அதே வாசகத்தை எழுதி, முத்தவல்லியின் கையொப்பமும் முத்திரையும் இட்டு, எஸ்.பி. அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கின்றன. அதிகாரிகளும் மறுப்பதில்லை. சாலை முனையில் இரும்புத் தடுப்புகள் இரண்டு, நாற்காலி ஒன்று, அதில் கைப்பேசியைப் பார்த்தவண்ணம் ஓர் ஆயுதப்படைக் காவலர். மனுக் கொடுத்தோர் மகிழ்ந்து வீடு திரும்புகின்றனர். பதினைந்து நாட்களில் நாற்காலி இருக்கும், காவலர் இருக்கமாட்டார். ஒரு மாதத்தில் நாற்காலியும் இராது.

இந்தச் சடங்கைத்தான் நாம் எதிர்க்கின்றோம். காவலரே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. அவ்வாறு பேசுவோர் இரவில் தனியே நடந்தறியாதவர்களாகவே இருக்க வேண்டும். காவலர் கண்ணிற் படுவதால் குற்றம் குறைகின்றதா, குடியிருப்போர் உள்ளம் அமைதி பெறுகின்றதா என்பவை இரு வேறு வினாக்கள். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதே இவ்விஷயத்தில் நம் மக்கள் செய்யும் முதற் பிழை.

திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். கோயிலிலிருந்து தென்மேற்கே செங்கம் சாலையில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சென்றால் ரமணாசிரமப் பகுதி. அடுத்தே சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை இதன் வாயிலாகவே செல்கின்றது. மார்கழிக் குளிரில் வாடகைக்கு வீடெடுத்துத் தங்கும் வெளிநாட்டார், அவர்களை நம்பிப் பிழைக்கும் ஆட்டோக்காரர், தேநீர்க்கடைக்காரர், பூ விற்கும் பெண்கள், மரத்தடிச் சாதுக்கள், இவர்களுக்கிடையே தலைமுறைகளாக வாழும் உள்ளூர்க் குடும்பங்கள். இத்தனை வகை மனிதர்கள், பாதிப்பேர் ஒருவரையொருவர் அறியாமல், ஒரே சாலையில் நடமாடும் இடம் தமிழகத்தில் அதிகம் இல்லை. காவலைப் பற்றிய எந்தக் கொள்கையையும் உரைத்துப் பார்க்க இதைவிடத் தகுந்த உரைகல் கிடைக்காது.

இப்பகுதியின் மிகப் பழைய குற்றச் செய்தி நூறாண்டு கடந்தது. 1924 ஜூன் 26 நள்ளிரவை ஒட்டி, ஆசிரமம் சில குடிசைகளாக மட்டுமே இருந்த காலத்தில், திருடர் கூட்டம் ஒன்று அங்கே புகுந்தது. மடத்தில் பொருள் குவிந்திருக்கிறது என்ற வதந்தியே அவர்களை வரவழைத்திருக்க வேண்டும். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ரமண மகரிஷி அவர்களிடம் கூறினார். அவர்களோ அவருடைய தொடையில் தடியால் அடித்தனர். கிடைத்தது அற்பப் பொருள். சீடர் ஒருவர் ஊருக்குள் ஓடிச் சென்று போலீசை அழைத்து வந்தார். அவர்கள் வந்தபோது திருடர் போய்விட்டனர். ஆயினும் சில நாட்களிலேயே துப்புத் துலங்கித் திருடர்கள் பிடிபட்டுச் சிறை சென்றனர். அன்று ஆசிரம வாயிலில் காவலர் எவரும் நின்றாரில்லை. பின்னர் நிகழ்ந்தது என்ன? வந்தார்கள், விசாரித்தார்கள், பிடித்தார்கள். தண்டனையின் கடுமையைவிடத் தப்ப முடியாது என்ற உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764-இல் எழுதிய கருத்துக்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2023 பிப்ரவரி 12 அதிகாலையில் திருவண்ணாமலை நகரில் இரண்டும், போளூரிலும் கலசபாக்கத்திலும் ஒவ்வொன்றுமாக, நான்கு ஏ.டி.எம். இயந்திரங்களைக் கேஸ் கட்டரால் அறுத்து ஏறத்தாழ 73 லட்சம் ரூபாயை ஒரு கூட்டம் அள்ளிச் சென்றது. அவ்விரவில் ரோந்து இல்லாமலா இருந்தது? தமிழகத்தில் இரவு ரோந்து என்பது ஆதிகாலம் முதல் உள்ள ஏற்பாடு. குறித்த இடங்களில் பட்டா புத்தகம் தொங்கும். காவலர் வந்து கையெழுத்திட்டுச் செல்வார். இப்போது பலவிடங்களில் அந்தக் கையெழுத்தும் கைப்பேசிக்குள் போய்விட்டது. ரோந்து எந்த நேரத்தில் எந்த இடத்தைக் கடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளத் திருடனுக்குப் பட்டமா வேண்டும்? இரண்டு இரவு கண்விழித்தால் போதும். அந்தக் கூட்டத்தையும் இறுதியில் பிடித்தவை மாநிலம் கடந்து அரியானா வரை சென்று தேடிய தனிப்படைகள்.

இன்னொன்றும் உண்டு. 2018-இல் ரஷ்ய நாட்டுப் பெண்ணொருவருக்கு இந்நகரில் இழைக்கப்பட்ட கொடுமை தங்குமிடத்தின் நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்தது. 2025 மார்ச்சில் பிரான்சு நாட்டுப் பெண்ணொருவர் வழிகாட்டியாக வந்தவனால் மலைமேல் பாழ்படுத்தப்பட்டார். தெருமுனையில் நூறு காவலரை நிறுத்தியிருந்தாலும் இவ்விரண்டையும் அவர்கள் கண்டிருக்க முடியாது. காவலரின் கண் தெருவைத்தான் பார்க்கும். பெண்ணுக்கெதிரான குற்றங்களிற் பெரும்பாலானவை தெரிந்த முகத்தால், மூடிய கதவுக்குப் பின்னால் நிகழ்கின்றன. “போலீசை நிறுத்துங்கள்” என்போர் எந்தக் குற்றத்துக்கு எந்த மருந்து என்று கேட்பதேயில்லை. காய்ச்சலுக்கும் காலொடிவுக்கும் ஒரே கஷாயம்.

இந்த வினாவை ஆராய்ந்து பார்த்தவர்கள் உலகில் உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் 1972 அக்டோபர் முதல் ஓராண்டுக் காலம் ஒரு சோதனை நடந்தது. பதினைந்து ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தனர். ஐந்தில் ரோந்து வண்டியே சுற்றாது, அழைத்தால் மட்டும் வரும். ஐந்தில் வழக்கம்போல் சுற்றும். ஐந்தில் இருமடங்கு, மும்மடங்கு சுற்றும். ஆண்டு முடிவில் குற்றத்திலும் வேறுபாடில்லை, மக்களின் அச்சத்திலும் வேறுபாடில்லை. ரோந்து கூடியதையோ குறைந்ததையோ குடியிருப்போர் கவனிக்கவும் இல்லை! போலீஸ் உலகம் இதைக் கேட்டுத் திகைத்தது.

பின்னர் நியூவார்க் நகரில் வண்டியை விட்டுக் காவலரை நடக்கவிட்டுப் பார்த்தனர். 1981-இல் வெளியான முடிவு விசித்திரமானது. குற்றம் குறையவில்லை, ஆனால் மக்களின் அச்சம் குறைந்தது. நடந்து வருபவரை மக்கள் கண்டனர், பேசினர், பெயரறிந்தனர். வண்டிக்குள் இருப்பவர் கண்ணாடிக்குப் பின்னாலுள்ள ஒரு தொப்பி, நடப்பவர் மனிதர். இரு வினாக்கள் என்று நாம் மேலே சொன்னது இதைத்தான்.

அப்படியானால் கண்ணிற்படும் காவலால் குற்றம் குறையவே குறையாதா? குறையும், குறித்த இடத்தில். இதற்கு நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய சான்று ஒன்று அர்ஜென்டினாவில் உள்ளது. 1994 ஜூலை 18 அன்று போனஸ் அயர்ஸ் நகரில் யூத மையம் ஒன்று குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அதன்பின் அந்நாட்டு அரசு யூத நிறுவனங்களுக்கும் முஸ்லிம் நிறுவனங்களுக்கும் வாயிலில் இரவும் பகலும் காவல் நிறுத்தியது. திருட்டைத் தடுப்பது அதன் நோக்கமன்று. எனவே ஆய்வாளர்களுக்கு அது எதிர்பாராத சோதனைச் சாலையாயிற்று. காவல் நின்ற அந்த ஒரு தெருக்கட்டில் கார்த் திருட்டு ஏறக்குறைய முக்காற் பங்கு வீழ்ந்தது. ஒன்றிரண்டு கட்டுகள் தள்ளியோ? எந்த மாற்றமும் இல்லை. காவலரின் நிழல் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் காவலின் எல்லை! மினியாபொலிஸ் நகரில் 1988-89-லும், பிலடெல்பியாவில் 2009-லும் நடந்த சோதனைகளும் இதையே வேறு விதத்தில் உறுதி செய்தன. ஊர் முழுவதும் தெளித்த காவல் ஆவியாகிவிடும். குற்றம் திரும்பத் திரும்ப நிகழும் சில முனைகளில் குவித்த காவல் பயன் தரும்.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. இராஜஸ்தானில் குடிபோதையில் வண்டி ஓட்டுவோரைப் பிடிக்கும் சோதனைச் சாவடிகளை ஆராய்ந்தவர்கள், ஒரே இடத்தில் நிலையாக வைத்த சாவடியால் விபத்துக் குறையவில்லை என்றும், இடம் மாறி மாறி வைத்ததால் இரவு விபத்துகள் 17 விழுக்காடும் அவற்றின் உயிரிழப்புகள் 25 விழுக்காடும் குறைந்தன என்றும் கண்டனர். நிலையாய் நிற்பதை ஓட்டுநர் கற்றுக்கொள்கிறார், மறுதெருவாற் போய்விடுகிறார். சாலை முனை நாற்காலியின் தத்துவம் இதற்குமேல் விளக்கம் வேண்டாதது.

அரபு மொழியில் போலீசுக்கு ‘ஷுர்தா’ என்று பெயர். ‘ஷரத்’ என்றால் அடையாளம். மறுமை நாளின் அடையாளங்களை ‘அஷ்ராத்துஸ் ஸாஅத்’ என்று ஓதுகின்றோமே, அதே வேர். தம்மை இன்னாரென்று மக்கள் அறியும்படி அடையாளம் அணிந்தவர்கள் என்பதால் அப்பெயர் வந்தது என மொழிநூலார் கூறுவர். ஆக, கண்ணிற் படுவது என்பதே இச்சொல்லின் பிறப்பு. இன்னொரு சொல்லையும் நோக்குக. அச்சமின்மைக்கு ‘அம்ன்’. நம்பி ஒப்படைத்ததற்கு ‘அமானத்’. இறைநம்பிக்கைக்கு ‘ஈமான்’. மூன்றும் ஒரு வேர். நம்பிக்கை இல்லாத இடத்தில் அச்சமின்மை பிறக்காது என்பதை மொழியே சொல்லி வைத்திருக்கிறது. குறைஷ் அத்தியாயத்தில் பசி தீர்த்ததையும் அச்சம் தீர்த்ததையும் இறைவன் ஒருசேரத் தன் அருட்கொடைகளாக எடுத்துரைக்கின்றான். அச்சமின்மை சோற்றுக்கு நிகரான தேவை என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் மதீனாவின் தெருக்களிற் சுற்றி வந்ததை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பசித்த குழந்தைகளை ஏய்க்க வெறும் நீரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த தாய்க்கு மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து சென்ற வரலாற்றை மேடைதோறும் முழங்குகின்றோம். ஆனால் அதே இரவு உலாவின் மற்றொரு வரலாற்றை மேடைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை. ஒரு வீட்டில் தகாத ஒலி கேட்டுச் சுவரேறி உள்ளே குதித்தார்கள் உமர் (ரலி). மதுவுடன் அகப்பட்ட அம்மனிதர் தலைகுனியவில்லை. நான் செய்தது ஒரு குற்றம், நீங்கள் செய்தது மூன்று என்றார். துருவி ஆராயாதீர்கள் என்ற கட்டளையை மீறினீர்கள். வாயில் வழியே வீடுகளுக்குள் வாருங்கள் என்ற கட்டளையை மீறினீர்கள். அனுமதி பெற்று ஸலாம் கூறாமல் பிறர் வீட்டில் நுழையாதீர்கள் என்பதையும் மீறினீர்கள் என்று எண்ணிக் காட்டினார். கலீஃபா அதை ஏற்று அவரை விட்டுச் சென்றார்கள். ரோந்தின் அதிகாரமும் அதன் எல்லையும் ஒரே மனிதரின் வாழ்வில் நமக்குக் காட்டப்பட்டுள்ளன. பிற்காலத்தில் இமாம் மாவர்தீ (ரஹ்) ஆட்சிச் சட்டங்களைத் தொகுத்தபோதும், வெளிப்படையாகத் தெரியாத தீமையைத் துருவித் தேடும் உரிமை முஹ்தஸிபுக்கு இல்லை என்றே எழுதினார். அந்த மதுக்கோப்பைக்காரரைப்போல் நம் ரோந்துக் காவலரிடம் இன்று ஒருவர் மூன்று சட்டப்பிரிவுகளை எண்ணிக் காட்டட்டுமே. விடியும்வரை அவர் எங்கே இருப்பார் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகின்றோம்.

காவலரைக் கண்டதும் மனம் அமைதியுறுவது எவருக்கு என்பதைக் கேட்காமல் இந்தப் பேச்சை முடிக்க இயலாது. 1997 நவம்பர் கலவரத்துக்கும் 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளுக்கும் பிற்பட்ட கோயம்புத்தூரில், கோட்டைமேட்டைச் சுற்றிச் சோதனைச் சாவடிகள் பல ஆண்டுகள் நின்றன. சாவடிக்கு வெளியே இருந்தவர்களுக்கு அது பாதுகாப்பு. உள்ளே இருந்தவர்களுக்கோ, பால் வாங்கப் போகும் பிள்ளையும் பிரசவத்துக்குப் போகும் பெண்ணும் முகவரி சொல்லிக் கடக்க வேண்டிய வாசல். ஒரே தடுப்பு, இரு பக்கம் இரு பொருள். நியூயார்க்கில் 2011-ஆம் ஆண்டில் மட்டும் ஆறு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முறை வழிப்போக்கர்கள் நிறுத்திச் சோதிக்கப்பட்டனர். பத்தில் ஏறத்தாழ ஒன்பது முறை நிறுத்தப்பட்டவர் மீது குற்றமேதும் இல்லை. 2013-இல் அந்த முறை அரசியல் சட்டத்துக்கு முரண் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுத்தல்கள் வெகுவாகக் குறைந்தன. குற்றம் பெருகும் என்று பயமுறுத்தியவர்களின் வாக்குப் பலிக்கவில்லை. அதே நகரின் போலீஸ், பள்ளிவாசல்களையும் முஸ்லிம் கடைகளையும் ஆண்டுக்கணக்கில் உளவு பார்க்க ஒரு பிரிவையே வைத்திருந்தது. அப்பிரிவால் ஒரு துப்புக்கூடக் கிடைத்ததில்லை என்று அதன் உயரதிகாரியே 2012-இல் சாட்சியம் கூறினார். 2014-இல் அது கலைக்கப்பட்டது.

இவையெல்லாம் தொலைவில் உள்ளவை என்று தள்ளுவோர் 2025 செப்டம்பர் மாத இறுதியைத் திருவண்ணாமலையிலேயே நினைத்துப் பார்க்கட்டும். ஆந்திரத்திலிருந்து விளைபொருள் ஏற்றிய வண்டியில் தன் வீட்டாருடன் வந்துகொண்டிருந்த இளம்பெண்ணை, புறவழிச் சாலையில் இரவு ரோந்திலிருந்த காவலர் இருவர் விசாரணை என்று சொல்லி வண்டியிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்ப் பாழ்படுத்தினர் என்பது வழக்கு. இருவரும் கைதாயினர், பணியிலிருந்தும் நீக்கப்பட்டனர். அந்த வண்டி ஏன் நின்றது? திருடன் கைகாட்டியிருந்தால் ஓட்டுநர் நிறுத்தியிருக்கமாட்டார். சீருடை கைகாட்டியது, நின்றார். உடன் வந்தோர் ஏன் அவளைத் தனியே விட்டனர்? சீருடை கேட்டது; விட்டனர். கண்ணிற்படும் காவல் என்று நாம் போற்றும் அதே அடையாளம், அதே ஷரத், அன்றைக்கு அப்பெண்ணின் தற்காப்பை அவளிடமிருந்து பறித்தது. இந்நிகழ்ச்சிக்குப் பிறகும் ரோந்தை இருமடங்காக்குங்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டிருப்பவர்களின் பேனாவைப் பற்றி நாம் என்ன சொல்ல? இரண்டு தனிமனிதரின் கயமைக்குத் துறையைப் பழிக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். கேட்கலாம். 2020-இல் சாத்தான்குளமும் 2025 ஜூனில் திருப்புவனமும் நடந்திராவிட்டால் அக்கேள்விக்கு இன்னும் சற்று வலிமை இருந்திருக்கும். சென்னை மாகாணத்தில் சித்திரவதையை விசாரிக்க அமைந்த குழு 1855-லேயே அறிக்கை அளித்து, அதன் விளைவாகப் புதிய போலீஸ் அமைப்பு 1859-இல் உருவான வரலாறும் நம்முடையதுதான். நோய் பழையது.

போதிய காவலர் இல்லையே என்பது மெய்யான குறை. 2020 ஜனவரிக் கணக்குப்படி இந்தியாவில் லட்சம் மக்களுக்கு அனுமதிக்கப்பட்ட காவலர் சுமார் 195. உண்மையில் இருந்தோர் சுமார் 156. இருப்பவரிலும் எத்தனை பேர் அமைச்சர் வருகைக்கும் நீதிமன்றத்துக்கும் பந்தோபஸ்துக்கும் போகின்றனர்? கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் குவிக்கப்படுகின்றனர். லட்சக்கணக்கானோர் கூடுமிடத்தில் அது தேவையே. நெரிசலில் ஓர் உயிர் போகாமற் காப்பது சிறிய தொண்டன்று. ஆனால் தீபம் அணைந்த மறுவாரம், செங்கம் சாலையின் உட்சந்துகளில் விளக்கெரியாத கம்பத்தடியில் நடந்து வீடு திரும்பும் பூக்காரிக்கு அந்தப் பத்தாயிரத்தில் எத்தனை பேர்? அவளுக்குப் பெயர் தெரிந்த காவலர் ஒருவரேனும் உண்டா? காவலருக்கு வேலைப் பயிற்சியும், அடிக்கடி இடமாற்றம் இன்மையுமே மக்களின் மனநிறைவைக் கூட்டின என்று இராஜஸ்தானில் நடந்த மற்றொரு ஆய்வு காட்டியது. இடமாற்றத்தைப் பற்றி உச்சநீதிமன்றமும் 2006 செப்டம்பர் 22 அன்று, பிரகாஷ் சிங் வழக்கில், நிலையப் பொறுப்பாளர் முதலானோருக்குக் குறைந்தது ஈராண்டு நிலைத்த பதவிக்காலம் வேண்டுமென ஆணையிட்டது. மாநிலங்கள் அதை எவ்வளவு விருப்பத்தோடு நிறைவேற்றின என்பது ஊரறிந்த செய்தி.

நம்மவரிடமும் ஒரு சொல். பெருநாளன்று ஈத்கா வாயிலில் ஜீப் வந்து நின்றால் அதைப் பெருமையாகக் கருதும் பழக்கம் நம்மிடையே வளர்ந்துவிட்டது. அவ்வளவு அக்கறையுள்ள நாம், நம் மஹல்லாவில் ஒரு பெண் தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்ல வந்தால், குடும்ப மானம் என்ற பெயரில் அவளை நிலையத்தின் படியேற விடுவதில்லை. புகார் ஏறாத ஊரில் குற்றம் குறைந்ததாகப் புள்ளிவிவரம் பேசும். அந்தப் பொய்யான அமைதியில் நமக்கும் பங்கு உண்டு.

எனவே அடுத்த மனு வேறு மாதிரி எழுதப்பட வேண்டும். நாற்காலி வேண்டாம், இந்தத் தெருக்களில் மாலையும் இரவும் நடந்துவரும் இரு காவலர், அவர்களில் ஒருவர் பெண், ஈராண்டு மாறாமல், பெயரும் கைப்பேசி எண்ணும் ஊரார் அறிய. இரவில் பெண்ணிருக்கும் வண்டியை நிறுத்தினால் பெண் காவலர் இல்லாமல் விசாரணை என்ற பேச்சே கூடாது. சூரியன் மறைந்தபின் பெண்ணைக் கைது செய்வதற்கே விதிவிலக்கான நிலையும் பெண் அதிகாரியும் நீதித்துறை நடுவரின் முன்னனுமதியும் வேண்டுமெனச் சட்டம் கூறும்போது, விசாரணைக்கு மட்டும் இருட்டு எதற்கு? பிடிக்கத்தக்க குற்றம் குறித்த புகார் வந்தால் வழக்குப் பதிந்தே தீரவேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியதை, நிலையத்தின் உட்சுவரிலன்று, வெளிச்சுவரில் தமிழில் எழுதி வைக்கட்டும். பந்தோபஸ்து மனுவில் கையொப்பமிடும் முத்தவல்லிகள் இம்மூன்றையும் அதனுடன் சேர்த்து எழுதி, வந்த பதிலை, வராவிட்டால் வரவில்லை என்பதை, ஆண்டுக்கொரு முறை மஹல்லாக் கூட்டத்தில், பெண்களும் கேட்குமாறு, வாசித்துக் காட்டட்டும்.